வெடிக்காத முகம்: உருட்டுக் கட்டையில் செதுக்கக் கற்றதில் சில குறிப்புகள்

போன வருஷம் ஆனி மாசம் ஒரு சாயங்காலம். மொட்டை மாடியில் வைத்திருந்த வேப்பங்கட்டையிலிருந்து 'டப்'னு ஒரு சத்தம். அணில் எதையாவது தள்ளிவிட்டிருக்கும்னு நினைத்துப் போய்ப் பார்த்தேன். மூணு வாரமா ராத்திரி ராத்திரியா செதுக்கின முகம். நெத்தியில் ஆரம்பித்து, மூக்கைக் கடந்து, தாடை வரைக்கும் ஒரே கோடாகப் பிளந்திருந்தது.

அது வெறும் கட்டையாக இருந்திருந்தால் விறகுக்குப் போட்டிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பாட்டி வைத்த வேம்பு அது. சுவர் இடித்துக் கட்டும்போது வெட்ட வேண்டியதாகிவிட்டது. அடிமரத்திலிருந்து இரண்டடி உயரத்தில் நாலு துண்டு அறுத்து வைத்தேன். முதல் துண்டு இப்படிப் போனது. மிச்சம் மூணு. அந்த மூணையும் காப்பாற்றப் படித்ததும், கேட்டதும், கையைக் காயப்படுத்திக்கொண்டு தெரிந்துகொண்டதும்தான் இந்தக் குறிப்பு.

ஆசை வந்த கதை

ஆசையைக் கிளப்பியது டீக்கி. கார் டிக்கி இல்லை. பசிபிக் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்கும் மனித உருவத்துக்கு மார்க்கேசஸ் தீவுகளிலும் நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் 'டீக்கி' என்று பெயர். மாவோரிக் கதைகளில் முதல் மனிதனின் பெயரும் அதுவே. 1930-களில் கலிபோர்னியாவில் மதுக்கடைக்காரர்கள் இந்த உருவங்களை அலங்காரமாக வைக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து தெற்கு பசிபிக்கிலிருந்து திரும்பிய சிப்பாய்களோடு அந்த மோகம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. இன்றைக்கு ஃப்ளோரிடாவிலும் ஹவாயிலும் பனைவகை மரத்துண்டை வாங்கி, வீட்டு வாசலில் உட்கார்ந்து டீக்கி செதுக்குவது பலருக்குப் பொழுதுபோக்கு. அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் நானும் உளி வாங்கினேன்.

ஆனால் அந்த முகங்களை அப்படியே காப்பி அடிக்க மனசு வரவில்லை. அவை ஒரு மக்களின் மூதாதையர் உருவங்கள். நம் ஊர் முனீஸ்வரனை எங்கோ ஒரு பாரில் குடை மாட்டும் கம்பமாக வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதனால் முகம் என்னுடையது, முறை மட்டும் அவர்களுடையது என்று வைத்துக்கொண்டேன். அந்த முறையில்தான் வினையே இருந்தது.

மரம் ஏன் வெடிக்கிறது?

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நார்க்குழாய்களின் உள்ளே ஓடும் தண்ணீர் ஒன்று, குழாய்ச் சுவருக்குள் ஊறிக் கிடக்கும் தண்ணீர் இன்னொன்று. முதலாவது வெளியேறும்போது மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரில் ஊறிய தண்ணீர் கிளம்புகிறது. சுருக்கம் அங்கேதான் ஆரம்பம்.

சுருங்குவது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையங்களைச் சுற்றிய திசையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். இந்த வித்தியாசம்தான் எல்லாத்துக்கும் காரணம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 25 செ.மீ. விட்டமுள்ள உருட்டுக் கட்டை. சுற்றளவு சுமார் 78 செ.மீ. ஆரம் 4 சதவீதம் சுருங்குவதாக வைத்துக்கொண்டால், அந்தச் சின்ன வட்டத்துக்கு 75 செ.மீ. சுற்றளவு வேண்டும். ஆனால் சுற்றுத் திசையில் 8 சதவீதம் சுருங்கினால் மரத்திடம் இருப்பது 72 செ.மீ.தான். மூணு செ.மீ. பற்றாக்குறை! சின்னதாகிவிட்ட சட்டையைப் பெரிய உடம்புக்கு மாட்டின மாதிரி, எங்காவது பிரிந்துதான் ஆக வேண்டும்.

எங்கே பிரியும்? எங்கே சீக்கிரம் காய்கிறதோ, எங்கே மையத்துக்கும் மேற்பரப்புக்கும் தூரம் குறைவோ, பெரும்பாலும் அங்கே. நான் என்ன செய்திருந்தேன்? கண்குழியும் வாயும் ஆழமாகத் தோண்டி, முகத்தை மேற்கு வெயிலைப் பார்த்து வைத்திருந்தேன். திருவண்ணாமலை வெயில் எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளப்புக்கு நானே வழிகாட்டிப் பலகை நட்டிருக்கிறேன்.

தேரடி வீதியில் ஒரு பாடம்

தேர்ச்சிற்ப வேலை செய்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் ஆசாரி ஒருவர் தெரிந்தவர் மூலமாக அறிமுகமானார். உடைந்த முகத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் காட்டினேன். செதுக்கலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்க வளையங்களுக்கு நடுவில் கட்டைவிரலை வைத்தார்.

"தம்பி, நடுவை உள்ளயே வெச்சிட்டு வெடிக்காதேன்னா எப்படி வெடிக்காம இருக்கும்?"

"தேர்ல இவ்ளோ பொம்மை இருக்கே ஐயா, அதெல்லாம் வெடிக்கலையே?"

"தேர்ல எங்கயாச்சும் முழு உருட்டைப் பார்த்தியா? போய்ப் பார்த்துட்டு வா."

போனேன். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளுக்கும் தனித்தனித் தேர் ஓடும். அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேஸ்வரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பார்கள். சின்ன வயசிலிருந்து பார்க்கிற தேர்கள்தான். ஆனால் கட்டை எப்படி அறுக்கப்பட்டிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. யாளி, குதிரை, கொடுங்கை, சிறு சிறு உருவங்கள் எல்லாமே பிளந்து அறுத்த தடித்த கட்டைகள். தனித்தனியாகச் செதுக்கிப் பிறகு சட்டத்தில் பொருத்தியவை. அடிமரத்தின் நடுப்புள்ளியைத் தாங்கி நிற்கிற உருவம் என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

காரணம் எளிது. உருட்டை நடுவில் பிளந்துவிட்டால், சுற்றுத் திசைச் சுருக்கத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அரைவட்டம் கொஞ்சம் ஒடுங்கும், தட்டையான பக்கம் லேசாகப் புடைக்கும், அவ்வளவுதான். இழுபறி இல்லை, அதனால் பிளவும் குறைவு. தேருக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு என்று தேர்ந்தெடுப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எந்த மரம் என்பதற்குச் சமமாக எப்படி அறுத்த மரம் என்பதும் முக்கியம்னு அன்றைக்குத்தான் உறைத்தது.

முழு உருட்டுதான் வேண்டுமென்றால்?

எனக்குப் பலகைச் சிற்பம் வேண்டாம், பாட்டி மரத்தின் உருண்டை உருண்டையாகவே இருக்கணும். அதற்கும் வழி இருக்கிறது. உலகத்தில் பல இடங்களில் பலர் தனித்தனியாகக் கண்டுபிடித்த வழிகள்.

*ஒன்று, பிளவை நாமே போட்டுவிடுவது.* ஜப்பானில் முழுமரத் தூண்களுக்கு, கண்ணில் படாத பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக மையம் வரைக்கும் ஒரு கீற்று அறுத்துவிடுவார்கள். மரம் சுருங்கும்போது அந்தக் கீற்று விரியும், மற்ற பக்கம் தப்பிக்கும்.

*இரண்டு, முதுகைக் குடைவது.* கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடிகள் வீட்டு முகப்பில் நிறுத்தும் பெரிய குலமரபுக் கம்பங்கள் பலவற்றின் பின்பக்கம் குடையப்பட்டிருக்கும். மையம் போய்விட்டால் சண்டையும் போய்விடுகிறது. எடையும் குறைகிறது.

*மூன்று, ஈரத்தை விடாமல் வைத்திருப்பது.* கிணற்றுக்குள் போட்ட நெல்லிக்கட்டை வருஷக்கணக்கில் கெடாமல் கிடப்பதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் மரம் சுருங்காது. காற்று போதாததால் பூஞ்சையும் எளிதில் தின்னாது. காஞ்சிபுரம் அத்திவரதர் உடனே நினைவுக்கு வருவார். அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்து, மறுபடி நீருக்குள் போனவர். அந்த மரபின் காரணங்கள் வேறு. ஒரு மரவேலைக்காரனின் கண்ணோடு பார்த்தால், மரத்துக்குத் தண்ணீரைவிடப் பாதுகாப்பான இடம் குறைவு.

*நான்கு, மாற்றிக்கொண்டே இருப்பது.* பூரி ஜெகந்நாதர் வேப்பமரத்தில் செய்யப்படுகிறவர். நவகளேபரம் என்ற சடங்கில் பழைய திருமேனிக்குப் பதில் புதியது வரும். 1996-க்குப் பிறகு 2015-இல் நடந்தது. பெரிய வட்டக் கண்கள், கட்டையை ஒட்டிய உடல், குட்டையான கைகள். இந்தியாவில் உருட்டுக் கட்டையின் வடிவத்தை மறைக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்ட உருவம் எதுவென்றால் எனக்கு முதலில் தோன்றுவது இவர்தான்.

இதில் அளவும் ஒரு விஷயம். நம் சிற்ப நூல்களில் முகத்தின் நீளம் ஒரு தாலம். உயர்ந்த தெய்வங்களுக்குத் தசதாலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். அதாவது மொத்த உயரம் ஐந்து முகம். டீக்கியில் தலை மட்டுமே உடலில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரும். இரண்டடி உருட்டில் தசதால உருவம் செதுக்கினால் முகம் இரண்டரை அங்குலம்கூட இருக்காது, சுற்றிலும் பாதி மரம் சீவலாகப் போய்விடும். குட்டையான உருவம்தான் கட்டையோடு ஒத்துப்போகும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நடராஜர் பக்கம் போகாமல் பிள்ளையார் பக்கம் போவது எல்லா வகையிலும் நல்லது.

இரண்டாவது துண்டு

ஆசாரி ஐயா சொன்ன வரிசை இது. பச்சைக் கட்டையின் இரண்டு தலைப்பிலும் உடனே சாணமோ மெழுகோ பூச வேண்டும், ஏனென்றால் பக்கவாட்டைவிட வெட்டுத்தலைப்பு வழியாக ஈரம் பல மடங்கு வேகமாகப் போகும். என் கட்டைகள் சில மாசம் சும்மா கிடந்ததால் தலைப்பில் சின்ன வெடிப்புகள் வந்திருந்தன. இரண்டு பக்கமும் ஓரங்குலம் அறுத்துத் தள்ளிவிட்டு மெழுகு பூசினேன். பிறகு மரம் அறுக்கும் மில்லில் கொடுத்து, பின்பக்கம் மையம் வரைக்கும் ஒரு கீற்று. அதன் பிறகுதான் பென்சிலைத் தொட அனுமதி.

முகத்துக்கு முதலில் நடுக்கோடு. அப்புறம் புருவத்துக்கும் மூக்குக்கும் கீழே குறுக்கே ரம்பத்தால் ஒரு வெட்டு. இதுதான் தடுப்பு. கீழேயிருந்து அந்த வெட்டை நோக்கி உளியை ஓட்டினால் சில்லு அங்கே வந்து தானாக நிற்கும். தடுப்பு இல்லாமல் ஓட்டினால் மூக்கும் சேர்ந்து போகும். எனக்கு ஒருமுறை போனது. எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, நார் ஓட்டத்தோடு. உளி திடீரென்று உள்ளே இழுத்தால் நார் எதிராக ஓடுகிறது என்று அர்த்தம், பக்கம் மாற வேண்டும். உளிக்கு முன்னால் கை இருக்கவே கூடாது. வேம்புத் தூள் தும்மலும் கண்ணெரிச்சலும் தரும், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஈரச் சாக்கு சுற்றி நிழலில். முழுசாகச் செதுக்கி முடித்த பிறகுதான் மெல்ல மெல்லக் காய விடணும்.

மரம் வாங்குகிறவர்களுக்கு: தூங்குமூஞ்சி, வாகை, வேம்பு, பூவரசு எல்லாம் பழகுவதற்கு நல்லவை. வைரம் பாய்ந்த பழைய கட்டை கிடைத்தால் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழகாத கைக்கு அது உளியைத்தான் உடைக்கும். பனையில் டீக்கி செய்யலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பனையில் வளையம் கிடையாது, வெளியே இரும்பு, உள்ளே சோறு. ஆழமாகச் செதுக்கினால் நார் நாராக உதிரும். தவிர, 2021-லிருந்து பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. சந்தனம், ஈட்டி, செம்மரம் மூன்றுக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நல்ல வேலையை நேரில் பார்க்க நினைத்தால் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூருக்கு அதற்கு முந்தின வருஷம். அரும்பாவூரில் ஒரே கட்டையில் முழு உருவத்தையும் எடுக்கும் வேலையைப் பார்க்கலாம்.

என் இரண்டாவது முகம் தை மாசம் முடிந்தது. அழகு என்று சொல்ல மாட்டேன், மூக்கு கொஞ்சம் கோணல். அறுத்தபோது பின்பக்கக் கீற்றுக்குள் பத்து ரூபாய் நாணயம் நுழைய இடம் இல்லை. இந்தச் சித்திரையில் என் சுட்டுவிரல் தாராளமாகப் போய்வருகிறது. முன்பக்கம் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. ஆசாரி ஐயாவிடம் காட்டினேன். முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், முதுகை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னும் ஒரு கோடை தாங்கட்டும் தம்பி. அப்புறம் அந்தக் கீத்துல அதே மரத்துல ஆப்பு செதுக்கி அடைச்சிடு."

ஆப்புக்கு மரம் தேட வேண்டியதில்லை. வெடித்துப்போன முதல் முகம் இன்னும் மாடியில்தான் இருக்கிறது.