உங்களுக்குத் தெரியுமா? ஊரையே கட்டிய பஞ்சாலைகள்!

இங்கிலாந்தில் தண்ணீர் விசையில் வெற்றிகரமாக ஓடிய முதல் பஞ்சு நூற்பாலை எழுந்தது 1771-ல், கிராம்ஃபோர்டு என்ற குக்கிராமத்தில். கட்டியவர் ரிச்சர்ட் ஆர்க்ரைட். அதற்கு முன் அவர் பார்த்த தொழில்? முடி திருத்துவதும் டோப்பா செய்வதும்!

மில்லுக்கு ஆள் வேண்டுமே? வீடுகளையும் அவரே கட்டிக் கொடுத்தார். கிராமம் ஊரானது!

அதே வித்தை நம்ம தாமிரபரணியிலும் நடந்தது! பாபநாசம் மலையடிவாரத்து விக்கிரமசிங்கபுரம். ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்கள் 1885-ல் மில்லை ஓட்டினார்கள். கதிர்களைச் சுழற்றியது ஆற்றுத் தண்ணீர்! ஆர்க்ரைட்டுக்கும் இவர்களுக்கும் இடைவெளி 114 வருஷம்!

இங்கிலீஷ்காரர்கள் என்றுதானே நினைத்தீர்கள்? ஸ்காட்லாந்துக்காரர்கள்!

தூத்துக்குடி கோரல் மில்லும் இவர்களுடையதுதான். 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பதே நாளில் நிர்வாகம் பணிந்தது! கூலி உயர்வு, ஞாயிற்றுக்கிழமை லீவு! அடுத்த வாரமே, மார்ச் 12-ல், வ.உ.சி. கைது!

நெற்குப்பையிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறுகிறவரா நீங்கள்? ஜங்ஷன் பக்கம் 'மதுரா கோட்ஸ் பாலம்' என்கிறோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது 1892-ல் வந்த ஹார்வி மில்! திருப்பரங்குன்றம் பக்கம் தொழிலாளர்களுக்காக அவர்கள் கட்டிய குடியிருப்பு இன்றைக்கும் ஹார்விபட்டி. வெள்ளைக்காரன் பேரோடு நம்ம 'பட்டி'. ஜோடிப் பொருத்தம் பாருங்கள்!

இன்னொரு வேடிக்கை. மில் துணியும் நூலும் மலிந்த அந்த மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22-ல் காந்தி அரையாடைக்கு மாறினார்!

இனி நம்ம பெருமை! வெள்ளைக்காரர் கொடிகட்டிப் பறந்த அதே மதுரையில் 1920-களில் போட்டிக்கு மீனாட்சி மில்லை நிறுத்தியவர் யார்? நம்ம செட்டிநாட்டுப் பிள்ளை, கருமுத்து தியாகராஜன் செட்டியார்! சும்மா இருந்தாரா? 1943-ல் பேங்க் ஆஃப் மதுரா. 1949-ல் கலைக் கல்லூரி. 1957-ல் பொறியியல் கல்லூரி. மில்லில் நூற்ற நூல் எங்கெங்கெல்லாம் ஓடியிருக்கிறது!

நெற்குப்பைக்காரரான எழுத்தாளர் சோமலெ (1921-1986) என்ன செய்தார் தெரியுமா? மில் ஊரான கோவைக்கே போய், அந்த மாவட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார்!

அந்த மதுரைப் பாலத்தின் பெயரில் வரும் 'கோட்ஸ்' என்றால் சட்டைக் கோட்டு என்று நினைத்திருந்தால் அழித்துவிடுங்கள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் தையல் நூல் விற்ற குடும்பத்தின் பெயர் அது. ஹார்வி மில்லோடு அது கைகோத்தது 1974-ல்!