கணப்படுப்புப் பலகையில் பிறந்த நாதம்

அப்புத்தளையில் மூடுபனி இறங்கிய மாலைப் பொழுதொன்றில் மாணவன் ஒருவன் நம்மை நாடி வந்தான். ‘குயீன்’ என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவின் கிட்டார் வித்தகர் பிரயன் மேயின் நாதம் தனக்கும் கைவர வேண்டுமாம். அதற்குரிய கருவிகளை வாங்கத் தாயாரின் தோட்டை அடகு வைக்கவும் துணிந்திருந்தான். தாயாரோ கொழுந்து பறிப்பவர். அவனுக்கு நாம் உரைத்ததையே வாசகர்களுக்கும் கூறுகின்றோம்.

1963ஆம் ஆண்டில் மேயும் மாணவரே. நல்ல கிட்டார் வாங்கப் பணமில்லை. மின்னணுவியல் அறிந்த தந்தையாருடன் சேர்ந்து தாமே ஒன்றைச் செய்ய முனைந்தார். நம்மூர்த் துரை பங்களாக்களில் கணப்படுப்பின்மேல் மரச்சட்டம் காண்கின்றோமன்றோ? அத்தகைய பழஞ்சட்டமே கிட்டாரின் கழுத்தாயிற்று. தாயாரின் சிப்பிப் பொத்தான்கள் விரலிடங் காட்டும் புள்ளிகளாயின. மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லும், கம்பளி பின்னும் ஊசியின் நுனியுங்கூட அதில் இடம்பெற்றன. ஏறக்குறைய 2 ஆண்டு உழைப்பு அது!

இனி, பணப்பைக்கேற்ற வழிகள் மூன்று. செல்வர், அக்கருவியைப் பின்பற்றிச் செய்த கிட்டாரையும், மே விரும்பும் ‘வொக்ஸ் ஏசி 30’ வால்வு ஒலிபெருக்கியையும் வாங்கலாம்.

நடுத்தரத்தார்க்குச் சாதாரண மின் கிட்டாரும், ‘ட்ரெபிள் பூஸ்டர்’ என்னும் சிறு பெட்டியும் போதும். இப்பெட்டி தடித்த ஒலியைத் தணித்துக் கூரிய ஒலியை உயர்த்தும். ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துக் கிட்டாரின் குமிழைத் திருகுவதே மேயின் முறை. குறைத்தால் தெளிவு, கூட்டினால் முழக்கம்.

வறியவர்க்கும் வழியுண்டு. மே தந்தியை மீட்டுவது 6 பென்ஸ் நாணயத்தால். அதன் வரிவிளிம்பு உரசும் ஓசை அவர் நாதத்தின் ஒரு கூறு. மேலும், குழுவினரான ஜோன் டீக்கன் குப்பையில் கண்டெடுத்த மின்சுற்றுப் பலகையைக் கொண்டு, 9 வோல்ட் பற்றரியில் இயங்கும் சிறு ஒலிபெருக்கி ஒன்றை அமைத்தார். அதனைக் கொண்டே மே வாத்தியக் குழுவொன்று இசைப்பது போன்ற ஒலிகளைப் பதிவு செய்தார்.

நம் தோட்டங்களில் தப்பின் தோலைத் தீயில் காய்ச்சி நாதத்தை உயர்த்துவோரும் இந்த நுட்பம் அறிந்தவரே. அவர்கள் நாதத்தை விலைக்கு வாங்கவில்லை. தோலின் இயல்பைக் கற்றனர். மேயும் இறுதிவரை கற்றவரே. 2007இல் வானியற்பியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

தோடு இன்றும் தாயாரின் காதில் மின்னுகின்றது. மாணவனோ இரவல் கிட்டாரை நாணயத்தால் மீட்டிப் பழகுகின்றான்.