காவல்காரன் இல்லாத தெரு

கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு தெரு உண்டு. ஒரே அளவு வீடுகள், ஒட்டினாற்போல் வரிசையாக. 'அர்ரே' என்று பெயர். 'ஸி' மொழியில் முதல் வீட்டின் இலக்கம் என்ன? பூஜ்யம்! தெருமுனையிலிருந்து எத்தனை வீடு தாண்ட வேண்டும் என்பதே இலக்கம். ஆகவே 512 வீடுள்ள தெருவில் கடைசி இலக்கம் 511.

513-வது ஆசாமி வந்தால்? 'ஸி' தடுக்காது, பக்கத்து இடத்தில் புகுந்துவிடுவான்! 1988 நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் ஏவிய 'புழு' இந்த வழியாகவும் நுழைந்தது. 512 எழுத்துக்கே இடம். அது அனுப்பியதோ 536! வழிந்த எழுத்துக்கள், அடுத்து எங்கே போவது என்ற குறிப்பையே மாற்றிவிட்டன. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திணறின.

'ஜாவா', 'பைதான்' மொழிகள் வாசலில் காவல் வைத்திருக்கின்றன. 'ஸி'யிலோ எழுதுகிறவரேதான் காவல்காரர். எண்ணிப் பார்த்து உள்ளே விடுங்கள், ஐயா!