மாலை வகுப்பும் மாதம் 1,000 ரூபாயும்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது கண்டாச்சிபுரம். அதைச் சூழ்ந்த கிராமங்களில் மாலையில் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டால், பிறகு குழந்தைகளின் படிப்பை விசாரிப்பார் யார்? கழனி வேலைக்குப் போன பெற்றோர் வீடு திரும்புவதற்குள் விளக்கேற்றும் வேளையாகி விடுகிறது. அவர்களிலும் பலர் தாங்களே அதிகம் படித்தறியாதவர்கள். பணம் படைத்தவர் பிள்ளைக்கு ட்யூஷன் வாத்தியார் உண்டு; கூலிக்காரர் பிள்ளைக்குத் தெருப்புழுதி உண்டு. இந்த இரண்டு மணி நேரத்திலேதான் இரு பிள்ளைகளுக்கும் இடையேயுள்ள தூரம் வளர்கிறதென்பது நமது அபிப்பிராயம்.

பள்ளிக்கு வெளியேயுள்ள பொழுதைப் பற்றிய தகராறு நமக்குப் புதிதன்று. 1953-ல் ராஜாஜி சர்க்கார் ஆரம்பப் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதைக் குடும்பத் தொழிலுக்கு விட்டது. நாடு கொதித்தெழுந்தது. 1954-ல் காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

பிற்பாடு வந்த பெரும் சோதனை கொரோனா. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்னர், அக்டோபர் 27-ல், இதே ஜில்லாவின் கடற்கரைப் பக்கத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி வைத்தார். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒன்றரை மணி நேர வகுப்பு. ஏறத்தாழ 20 குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர். வீட்டுத் திண்ணையும் பொதுக் கட்டடமுமே பள்ளிக்கூடம். கற்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த ஊரிலேயே படித்துத் தேறிய பெண்கள். திண்ணைப் பள்ளிக்கூடம் கண்ட நாட்டில் இது விந்தையன்று. அன்று பிரம்பு பிடித்த கை, இன்று ஊர்ப் பெண்ணின் கையாக மாறியதே விந்தை.

பலன் உண்டா என்று கேட்போருக்கு விடையும் உண்டு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமச் சிறுவர் சுமார் 19,000 பேரைச் சோதித்தனர். 2021 டிசம்பரில் அவர்கள், 2019-ல் அதே வயதிலிருந்த சிறுவரைவிடக் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். ஆறு மாதத்திற்குள் இழந்ததில் மூன்றில் இரு பங்கு மீண்டது. அங்ஙனம் மீண்டதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்ததென்பது அவர்கள் கணிப்பு.

தன்னார்வலரைக் காட்டி உபாத்தியாயர் நியமனத்தைச் சர்க்கார் தட்டிக் கழிக்கக்கூடும் என்று அப்போதே சிலர் ஆட்சேபித்தனர். அந்த அச்சம் நியாயமானதே. பகலில் வாத்தியார் இல்லாத பள்ளியின் குறையை மாலைத் திண்ணை தீர்க்காது. அவ்வாறு தீர்க்கும்படி எதிர்பார்ப்பதும் அநியாயம். ஆயினும் அதற்காகத் திண்ணையையே வேண்டாமென்பது சரியன்று.

நமது குறை வேறு. தன்னார்வலருக்குக் குறிக்கப்பட்ட ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். மாதம் 25 மாலை என்று கொண்டால், ஒரு மாலைக்கு 40 ரூபாய்! இருபது குழந்தைகளை மேய்ப்பதற்கு இதுவா கூலி? தியாகத்தைப் போற்றுவது வேறு, அதைக் கணக்கில் வைத்துச் சிக்கனம் பிடிப்பது வேறு. மேலும், முதலில் ஆறு மாதத்திற்கென்றே அறிவித்துப் பின்னர் நீட்டித்த ஏற்பாடு இது. கொரோனா நஷ்டம் தீர்ந்தாலும் கூலிக்காரர் வீட்டின் மாலைப் பொழுது மாறிவிடாது. ஆகவே மாலை வகுப்பு கிராமங்களில் நிரந்தரமாக வேண்டும். கற்பிப்போருக்குக் கௌரவமான ஊதியம் வேண்டும். காலை உணவுத் திட்டத்தை 2022-ல் தொடங்கிய சர்க்கார், மாலையில் பசியோடு வரும் குழந்தைக்கு ஒரு கைப்பிடிச் சுண்டலுக்கும் வழி செய்யலாம்.