உங்களுக்குத் தெரியுமா? அத்தனை கனத்துக்குள் இரண்டு யூனிட்கூட இல்லை!

பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் லிப்ட் ஓடாத வேளையில் இருவர் மூச்சு வாங்கத் தூக்கிவரும், ஏறத்தாழ 50 முதல் 60 கிலோ கனமுள்ள 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி, பூரணமாகச் சார்ஜ் ஏறிய பின்னும் தன்னகத்தே வைத்திருக்கும் சக்தி 1.8 யூனிட் மாத்திரமே (12 வோல்ட் × 150).

• விரயம் போக, 200 வாட் பளுவை, அதாவது இரண்டு மின்விசிறியையும் சில விளக்குகளையும், சுமார் ஏழு மணி நேரம் தாங்கும். புதிதாக இருக்கும்வரை!

• உள்ளே மின்சாரம் மின்சாரமாகவே தங்குவதில்லை. ஈயத் தகடும் ஈய ஆக்ஸைடுத் தகடும் கந்தக அமிலத்தோடு கூடி, இரண்டுமே ஈய சல்பேட்டாக உருமாறுகையில் விடுபடும் ரசாயன சக்தியே விசிறியைச் சுழற்றுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது தென்சென்னைப் புறநகர்களில் நேர்ந்ததுபோல, நாட்கணக்கில் மின்சாரமின்றி பேட்டரி வெறுமையாகவே கிடக்குமாயின், அந்தச் சல்பேட் ஸ்படிகமாக இறுகிப்போக, மறுபடி சார்ஜ் ஏற மறுக்கும்.

• பேட்டரி வகைகளில் தட்டைத் தகடு விலை மலிவு. நேர்மின் தகட்டைக் குழாயுறைகளில் அடைத்த டியூபுலர் நீண்டகாலம் உழைக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் விலை அதிகமாயினும், எடை பாதிக்கும் குறைவு, தண்ணீரும் கேட்பதில்லை.

• ஈய பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிந்து வெளியேறுவது நீரே, அமிலம் அன்று; ஆகையால் ஊற்றவேண்டியது டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரிலுள்ள உப்புக்கள் தகடுகளுக்குப் பரம சத்துரு.