கால்நடைக் குறிப்புகள் – 9: குதிரை தாண்டிய வேலி

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் நாரிச் பக்கம் போகும் ரயிலில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மானிங்ட்ரீ வந்துவிடும். நிலையத்தில் கார்கள் நிற்கும் இடத்தின் ஓரத்திலேயே பாதை தொடங்கிவிடுகிறது. டாக்சி வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், மலையேறுபவர்களின் ஊன்றுகோலும் வேண்டாம். ஸ்டூர் ஆற்றங்கரையோடு சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஃபிளாட்ஃபோர்ட். அங்கிருந்து இன்னொரு முக்கால் மணி நேர நடையில் டெடம் கிராமம். ஆற்றின் தென்கரை எசெக்ஸ் மாவட்டம், வடகரை சஃபோக். முழங்கால் வலிக்காரரும் தைரியமாக இறங்கலாம். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

சென்ற வாரம் பீக் டிஸ்ட்ரிக்ட் பாறைகளில் நம்மோடு மூச்சு வாங்கியவர்களுக்கு இந்த வாரம் ஓய்வுதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த டெடம் பள்ளத்தாக்கைப் பற்றிய சுற்றுலாப் பிரசுரங்கள் எல்லாம் 'எளிய நடை' என்று போட்டு, பக்கத்தில் ஒரு வாத்துப் படத்தையும் சேர்த்துவிடுகின்றன. இயற்கை தானாக விரித்துப்போட்ட பாதை என்று நினைத்துவிடுவோம். அப்படி இல்லை. இந்தக் கரை சரக்குப் போக்குவரத்துக்காக மிதிபட்ட கரை. இன்று நாம் அதில் தடையின்றி நடப்பதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது.

முதலில் கால் வைக்கும் இடத்தைப் பார்ப்போம். கோடையில் புல் முழங்கால் உயரம். நடுவே ஓரடி அகலத்துக்கு மண் தெரிகிற தடம். குளிர்காலத்தில் ஆறு பெருகிப் புல்வெளிக்குள் வந்துவிடும். அப்போது ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகிறவர் இரண்டாவது வயலிலேயே திரும்பிவிடுவார். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போக அரைவட்ட வேலிக்குள் ஒற்றைக் கதவு ஆடுகிற வாசல்கள் உண்டு. நம்மூர்ப் பூங்காக்களில் மாடு நுழையாதிருக்க வைப்பார்களே, அதே ஏற்பாடு. கதவை முன்னால் தள்ளி, அரைவட்டத்துக்குள் ஒதுங்கி நின்று, கதவைப் பின்னால் விட்டு வெளியேற வேண்டும். முதுகில் பெரிய பையோடு வருகிறவர் உள்ளே மாட்டிக்கொண்டு திணறுவதும், பின்னால் நிற்பவர் வானிலையைப் பற்றிப் பேசிச் சமாளிப்பதும் இங்கே வழக்கமான காட்சி.

வேலிக்குள் நிஜமாகவே மாடுகள் இருக்கின்றன. கன்று ஈன்ற பசுக்களிடமிருந்து தள்ளி நடக்க வேண்டும். நாய் கூட வந்தால் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காளைக்கும் சட்டம் உண்டு. பத்து மாதம் தாண்டிய பால் இனக் காளையைப் பொதுப் பாதை செல்லும் வயலில் விடக்கூடாது என்கிறது 1981ஆம் ஆண்டுச் சட்டம். இறைச்சி இனக் காளை என்றால் பசுக்களோடு சேர்ந்து மேயலாம். எதிரே நிற்பது எந்த இனம் என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் திறமை நடப்பவருக்கு உண்டு என்று சட்டம் இயற்றியவர்கள் நம்பியிருக்கிறார்கள் போலும்.

இந்த வயல்கள் பெரும்பாலும் தனியார் சொத்து. அதன் குறுக்கே முன்பின் தெரியாதவர் நடந்து போகலாம், உரிமையாளர் தடுக்க முடியாது என்பதுதான் இங்கிலாந்தின் நாட்டுப்புற நடைக்கு அடிப்படை. மஞ்சள் அம்புக்குறி போட்ட சிறு வட்டத் தகடு கம்பத்தில் இருந்தால் அது நடப்பவருக்கான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் வரைபடங்களில் இந்தப் பாதைகள் பச்சைக் கோட்டுத் துண்டுகளாக ஓடும். டெடம் பள்ளத்தாக்குக்கு எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 196ஆம் எண் வரைபடம். நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவு என்பதால், வயலின் எந்த ஓரத்தில் பாதை போகிறது என்பது வரை தெரியும். கைபேசி இருக்கிறதே என்பார்கள். ஆற்றோரத்தில் சிக்னல் போனபின் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இத்தகைய பாதைகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். இந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில், ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த இளைஞர் கூட்டமொன்று வேட்டைக்கென்று அடைத்துவைத்த இடத்துக்குள் வேண்டுமென்றே நுழைந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அது மலைமேட்டுக்கான போராட்டம் என்றாலும், அதனால் எழுந்த பேச்சு அடங்கவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கு வழிசெய்தது. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லைக்குள் இருக்கிற பொதுப் பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பதிந்துவிட்டால் அழிப்பது சுலபமல்ல. வயல் நடுவே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் பதினான்கு நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைத் திரும்ப நடக்கத்தக்கதாக்கித் தரவேண்டும். இளம் கோதுமைப் பயிருக்கு நடுவே நேர்கோடாகப் பாதை போவதைப் பார்த்து, யாரோ பயிரை மிதித்துவிட்டார்கள் என்று பதறக்கூடாது. அது விவசாயியே விட்டுவைத்த வழி.

இனி ஆறு. 1705இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு ஸ்டூரைப் படகுப் போக்குவரத்துக்கு உரியதாக்கியது. மேலே சட்பரியிலிருந்து கீழே மானிங்ட்ரீ வரை சரக்குப் படகுகள் ஓடின. தானியம், மாவு, செங்கல் கீழே போயின; நிலக்கரி மேலே வந்தது. தட்டையான படகுகள் இரண்டிரண்டாகச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். கரையிலிருந்து குதிரை கயிற்றால் இழுக்கும். சிக்கல் கரையில்தான் இருந்தது. சட்டம் ஆற்றைத் திறந்துவிட்டதே தவிர, குதிரை நடக்கத் தொடர்ச்சியான கரைப்பாதையைத் தரவில்லை. நிலக்காரர்கள் மாடு தாண்டிப் போகாதபடி தண்ணீர் வரை வேலி போட்டுவைத்தார்கள். கதவு வைக்க யாரும் முன்வரவில்லை. எனவே படகுக்காரர்கள் குதிரையைப் பழக்கினார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டதும் குதிரை வேலியைத் தாண்டிக் குதித்து மறுபுறம் போய் நிற்க வேண்டும். பாதை எதிர்க்கரைக்கு மாறும் இடங்களில் குதிரையையே படகில் ஏற்றிக் கடத்தினார்கள்.

ஜான் கான்ஸ்டபிளின் 'தாண்டும் குதிரை' ஓவியம் (1825) இந்தக் காட்சிதான். இப்போது லண்டன் ராயல் அகாடமியில் இருக்கிறது. கான்ஸ்டபிள் 1776இல் ஆற்றுக்கு மேலே ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமத்தில் பிறந்தவர். அப்பா கோல்டிங் கான்ஸ்டபிள் ஃபிளாட்ஃபோர்ட் ஆலையின் உரிமையாளர், தானிய வியாபாரி. ஆற்றில் ஓடிய படகுகளிலும் அவருக்குச் சொந்தமானவை உண்டு. மகனும் ஓவியம் படிக்க லண்டன் போவதற்கு முன் குடும்பத் தொழிலில் வேலை பார்த்தவர்தான். அவருக்கு இந்த ஆறு கனவுலகம் அல்ல, அப்பாவின் வருமானம். 1816–17இல் வரைந்த ஃபிளாட்ஃபோர்ட் ஆலை ஓவியத்துக்கு, போக்குவரத்து நடக்கும் ஆற்றில் ஒரு காட்சி என்ற பொருளில்தான் தலைப்புக் கொடுத்தார். அதில் பாலத்துக்கு அருகே ஒரு குதிரை. மேலே ஒரு சிறுவன். பாலத்துக்கு அடியில் கழி ஊன்றிப் படகைக் கடத்த வேண்டும் என்பதால் கயிற்றை அவிழ்க்கிறார்கள். 1815இல் அவர் வரைந்த படகு கட்டும் காட்சியில் தெரிகிற பள்ளம் இன்றும் ஃபிளாட்ஃபோர்டில் இருக்கிறது. பெரும்பாலோர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ வாய்க்கால் என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

அவர்கள் தேடி வருவது கான்ஸ்டபிளின் 'வைக்கோல் வண்டி' ஓவியத்தில் வரும் இடத்தை. ஆலை முற்றத்தில் ஒரு மூலையில் நின்றால் குளம்போல் விரிந்த தண்ணீர். இடப்பக்கம் வில்லி லாட் என்பவரின் வெள்ளை வீடு. அவ்வளவுதான். வண்டி இல்லை, மரங்கள் வேறு. கையில் தபால் அட்டையோடு ஒப்பிட்டு ஏமாந்த முகங்களைப் பார்க்கலாம். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்; கான்ஸ்டபிளே அந்தப் படத்தை லண்டனில் உட்கார்ந்து, பழைய கோட்டோவியங்களைப் பார்த்துத்தான் தீட்டினார். 1821இல் காட்சிக்கு வைத்தபோது வாங்க ஆளில்லை. மூன்று வருடம் கழித்துப் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. வண்டி ஏன் தண்ணீரில் நிற்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: வெயிலில் மரச் சக்கரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடாமல் இருக்க நனைப்பார்களாம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலத்தைக் கடந்து தென்கரையோடு டெடத்துக்கு நடக்கும்போதுதான் பள்ளத்தாக்கு உண்மையில் திறக்கிறது. கம்பளித் துணி வணிகப் பணத்தில் எழுந்த டெடம் தேவாலயக் கோபுரம் நெடுந்தூரம் கண்ணில் நிற்கும். சிறுவன் கான்ஸ்டபிள் பள்ளிக்குப் போன ஊர் அது. வழியெல்லாம் வில்லோ மரங்கள். தலை வெட்டப்பட்டுக் குட்டையாக, கொத்துக் கொத்தாகத் துளிர்த்து நிற்பவை பழையவை. சில இடங்களில் மட்டும் ஒரே உயரத்தில், வரிசை பிசகாமல், நேரான தண்டோடு நிற்கும். அவை கிரிக்கெட் மட்டைக்கென்றே வளர்க்கப்படுபவை. தண்டில் துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுவார்கள். விட்டால் மரத்தில் கணு விழும், மட்டை கெடும். பதினைந்து இருபது வருடத்தில் வெட்டி, உருளைகளாக அறுத்து, மட்டை அளவுக்குப் பிளந்து, முனையில் மெழுகு தடவிக் காயவைக்கிறார்கள். கிழக்கு இங்கிலாந்தில் இப்படிப் பிளந்த கட்டைகளில் பெரும்பங்கு மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் கப்பலேறுகிறது. சேப்பாக்கத்தில் பந்து படும்போது கேட்கிற சத்தத்துக்கு இந்த மாதிரி ஈர நிலம்தான் மூலம்.

திரும்பும்போது நேரமிருந்தால் ஈஸ்ட் பெர்கோல்ட் ஏறிப் போங்கள். இன்றைய நடையின் ஒரே மேடு அது. தேவாலயக் கோபுரம் பாதியில் நின்றுபோனது. கட்டப் பணம் தந்துவந்த கார்டினல் வுல்சி பதவி இழந்ததால் அது நின்றுவிட்டது என்பது ஊர்க் கதை. மணிகளைத் தற்காலிகமாக வைக்க 1531இல் தரையிலேயே ஒரு மரக்கூண்டு கட்டினார்கள். கோபுரம் எழவே இல்லை. தற்காலிகக் கூண்டு இன்றுவரை வேலை செய்கிறது. உள்ளே ஐந்து மணிகள், மொத்தம் நாலே கால் டன். கயிறும் சக்கரமும் கிடையாது. அடிப்பவர்கள் மணியின் மேற்கட்டையைக் கையால் பிடித்துத் தள்ளி, முழு மணியையும் ஆட்டுகிறார்கள்; காதடைப்பு இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். தேவாலய வளாகத்திலேயே கான்ஸ்டபிளின் பெற்றோரும் வில்லி லாட்டும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஃபிளாட்ஃபோர்டுக்கு இறங்கி, வந்த வழியே போனால் ரயில் நிலையம். கடைசி வயலின் கதவு கொஞ்சம் இறுக்கம், இடுப்பால் தள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: தேம்ஸ் கரையில், கோரிங் முதல் பாங்க்போர்ன் வரை)