குளிர்த் தொப்பி

பிறக்கும்போது ஆக்சிஜன் கிடைக்காத குழந்தையின் மூளையைக் காக்க உருவான கருவி

பச்சிளங்குழந்தையின் தலைக்கு அளவான இந்தத் தொப்பிக்குள் குளிர்ந்த நீர் ஓயாமல் சுழலும். தலைக்குக் குளிர்ச்சி, உடலுக்கோ மேலிருந்து அளவான வெப்பம். ஆசனவாயில் செருகிய மெல்லிய உணரி காட்டும் வெப்பநிலை, 72 மணி நேரமும் 34 முதல் 35 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அதன்பின் குழந்தையை மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள்.

ஆறு மணி நேர அவகாசம்
மூச்சு திரும்பியதும் மூளை தேறிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் சில மணி நேரம் கழித்து அதன் செல்கள் மீண்டும் ஆற்றல் இழந்து மடியத் தொடங்கும். பிறந்த 6 மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கினால் அந்த இரண்டாம் சேதம் குறையும்.

ஆட்டுக்குட்டியிலிருந்து
நியூசிலாந்தின் ஆக்லாந்தில், 1990களில், தானியா கன், அலிஸ்டர் கன், பீட்டர் க்ளக்மன் ஆகியோர் செம்மறியாட்டுக் கருக்களில் இந்தக் குளிர்விப்பை ஆராய்ந்தனர். 2005இல் குழந்தைகளிடம் நடந்த இரு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின: ஒன்று தொப்பியைச் சோதித்தது, மற்றொன்று உடல் முழுவதையும் 33.5 டிகிரிக்குக் குளிர்வித்தது. இன்று குளிர்நீர் விரிப்பில் கிடத்தும் இரண்டாம் முறையே பரவலாக உள்ளது.

நம் பக்கத்துப் பாடம்
இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ‘ஹீலிக்ஸ்’ ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. உடலைக் குளிர்வித்ததால் இறப்பும் ஊனமும் சேர்ந்த கணக்கு குறையவில்லை. குளிர்வித்த குழந்தைகளிடையே இறப்பு கூடியிருந்தது. பிரசவ நேரக் கண்காணிப்பும், அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்டுவதும் இங்கே முதன்மையான காப்பு.